தலாமஸ் அஞ்சலகம்தானா? ஃபெரட் ஆய்வுகள் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், ஃபெரட் என்னும் சிறு விலங்கின் தலாமஸைப் பற்றி நடந்துள்ள ஆய்வுகளை ஒரு பக்க அளவில் அறிமுகப்படுத்தியிருந்தேன். புலன்களிலிருந்து வரும் செய்திகளைப் பெருமூளைப் புறணிக்குப் பிரித்தனுப்பும் அஞ்சலகம் என்று தலாமஸை அதில் வருணித்திருந்தேன். அந்த ஒரு சொல்லை ஏற்றும் மறுத்தும் வந்த கடிதங்களே மிகுதி. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று அமையும்படி வரிசை மாற்றிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஃபெரட் என்பது கீரியின் ஒரு வகையா? எலியும் குரங்கும் ஆய்வகங்களில் நிறைந்திருக்க, இந்த விலங்கை எதற்காகத் தேடிப் பிடித்தார்கள்?

பதில்: உருவத்தைப் பார்த்தால் கீரி நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஃபெரட் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நீர்நாய் அடங்கிய மஸ்டெலிடே குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி. ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கை மனிதர் நெடுங்காலம் பழக்கி வளர்த்ததால் உருவான வளர்ப்பு இனம் அது. 1933ஆம் ஆண்டு லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸ் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது ஃபெரட்டுகளின் துணையால்தான். ஆகவே ஆய்வகத்துக்கு அது புதிய விருந்தாளியும் அன்று.

நரம்பியலார் அதை நாடியதற்குக் காரணம் வேறு. ஃபெரட்டின் கர்ப்ப காலம் 41 அல்லது 42 நாள்தான். குட்டி மிகவும் முதிராத நிலையில் பிறக்கிறது. கண் திறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. பிறந்த குட்டியின் பெருமூளைப் புறணி மடிப்புகள் ஏதுமின்றி ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். மடிப்புகள் விழுவதே பிறந்த பின்னர்தான். பூனைக்குக் கர்ப்ப காலம் சுமார் 65 நாள் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூனையிலும் குரங்கிலும் தாயின் வயிற்றுக்குள் நடந்து முடிந்துவிடும் நரம்பிணைப்பு வேலைகள் பலவும் ஃபெரட்டில் பிறந்த பிறகு, ஆய்வாளரின் கண்ணெதிரே நடக்கின்றன. கருவறையைத் தொடாமலேயே அவற்றைப் பார்க்கலாம், தேவையெனில் குறுக்கிடலாம்.

எலியிலும் குட்டிகள் முதிராமலே பிறக்கின்றன என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் எலியின் தலாமஸில் பார்வைச் செய்தி வந்துசேரும் பகுதியில், நரம்பணுக்கள் கண்ணுக்குத் தெரியும் அடுக்குகளாகப் பிரிந்திருப்பதில்லை, ஃபெரட்டில் பிரிந்திருக்கின்றன. அண்டையிலுள்ள நரம்பணுக்களை அடக்கிவைக்கும் உள்ளக நரம்பணுக்கள் எலியில் பெரும்பாலும் அந்தப் பார்வைப் பகுதியோடு நின்றுவிடுகின்றன. ஊனுண்ணிகளிலும் குரங்குகளிலும் தலாமஸ் முழுவதும் காணப்படுகின்றன. எலியின் விரைவும் பூனையின் கட்டமைப்பும் ஒரே விலங்கில் கிடைக்கும் வாய்ப்பை ஆய்வாளர்கள் விட்டுவிடுவார்களா?

கேள்வி: அடுக்குகள் என்று சொல்கிறீர்கள். ஃபெரட்டின் தலாமஸை நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மையில் என்னதான் தெரியும்?

பதில்: தலாமஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு உள்ளறை என்று பொருள். மூளையின் நடுக்கோட்டுக்கு இருபுறமும், புறணிக்கு அடியில், முட்டை வடிவில் அமைந்த இரு திரட்சிகள் அவை. ஒவ்வொன்றும் பல நரம்பணுத் திரள்களாகப் பிரிந்திருக்கிறது: பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, தொடுவுணர்வுக்கு ஒன்று என்றும், நேரடியாக எந்தப் புலனோடும் தொடர்பில்லாதவை பல என்றும் இருக்கின்றன.

பதப்படுத்திய மூளையை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கிரெசைல் வயலட் என்னும் சாயத்தில் தோய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்த்தால், நரம்பணுக்களின் உடல்கள் ஊதா நிறப் புள்ளிகளாகத் தெரியும். இழைகள் சாயம் ஏற்பதில்லை. ஆகையால் இழைகள் மட்டுமே ஓடும் இடங்கள் வெளிறிக் கிடக்கும். பார்வைச் செய்தி வந்துசேரும் திரள் முழங்கால்போல் வளைந்திருப்பதால் அதற்குப் பக்க ஜெனிக்குலேட் என்று பெயர். குறைந்த உருப்பெருக்கத்தில் அதைப் பார்க்கும்போது ஊதாப் பட்டை, வெளிறிய மெல்லிய கோடு, மறுபடியும் ஊதாப் பட்டை என்ற வரிசை தெரியும். முதல் பட்டை ஏ அடுக்கு. எதிர்ப்பக்கக் கண்ணிலிருந்து வரும் இழைகள் அங்கே முடிகின்றன. அடுத்தது ஏ1, அதே பக்கக் கண்ணுக்குரியது. அவற்றை ஒட்டி, சிறிய நரம்பணுக்களைக் கொண்ட சி அடுக்குகள் உள்ளன.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஏ அடுக்கும் ஏ1 அடுக்கும் தமக்குள்ளேயே மீண்டும் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. ஒளி கூடும்போது துடிக்கும் நரம்பணுக்கள் ஓர் உள்ளடுக்கிலும், ஒளி குறையும்போது துடிப்பவை மற்றோர் உள்ளடுக்கிலும் குழுமியிருப்பதை ஸ்ட்ரைக்கரும் ஸாஸும் 1980களின் தொடக்கத்தில் மின்முனை கொண்டு காட்டினார்கள். பூனையில் இவ்விரு வகைகளும் கலந்தே கிடக்கின்றன. பூனையைவிடச் சிறிய மூளையில் பூனையைவிடத் தெளிவான ஒழுங்கு இருப்பதை முதன்முறை படித்தபோது நான் நம்பத் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: வெள்ளை ஃபெரட்டுக்கும் பழுப்பு ஃபெரட்டுக்கும் மூளையிலும் வேறுபாடு உண்டா, நிறத்தில் மட்டும்தானா?

பதில்: மூளையிலும் உண்டு. வெள்ளை ஃபெரட்டுகளில் பெரும்பாலானவை அல்பினோக்கள். நிறமி இல்லாத விழித்திரையிலிருந்து வரும் இழைகளில், அதே பக்கம் செல்லவேண்டியவை பலவும் பார்வை நரம்புச் சந்திப்பில் திசைமாறி எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. அதனால் தலாமஸின் ஏ1 அடுக்கு தனக்குரிய இழைகளை முழுமையாகப் பெறாமல் சிதறி அமைகிறது. சியாமியப் பூனைகளில் இதே கோளாற்றை ரெய்னர் கில்லரி 1969இல் எடுத்துக்காட்டியிருந்தார். அல்பினோ ஃபெரட்டுகளுக்கு அசைவை உணரும் திறனும் குன்றியிருக்கிறது. ஆகவே பார்வைத் தலாமஸைப் பற்றிய எந்த ஆய்வறிக்கையை எடுத்தாலும், விலங்கின் உரோம நிறம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அலங்கார விவரமன்று.

கேள்வி: ஒரு நரம்பிழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கோடிக்கணக்கான இழைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் அது எப்படி இயலும்?

பதில்: இழையைத் தேடிப் போவதில்லை, நரம்பணுவையே வழிகாட்டச் செய்கிறார்கள். ஒவ்வொரு நரம்பணுவும் தன் உடலிலிருந்து, ஆக்சான் எனப்படும் நீண்ட இழையின் நுனிவரையிலும், நுனியிலிருந்து உடலுக்கும் பொருள்களை ஓயாமல் கடத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் போக்குவரத்தில் ஓர் அடையாளப் பொருளை ஏற்றிவிட்டால் போதும். 1970களின் தொடக்கத்தில் குதிரைமுள்ளங்கியிலிருந்து எடுக்கப்படும் பெராக்ஸிடேஸ் நொதி இதற்குப் பயன்பட்டது. இன்று காலரா நச்சின் பி துணையலகு பெரிதும் வழக்கில் உள்ளது. தனியாக இருக்கையில் அது நோய் விளைவிப்பதில்லை, நரம்பணுப் படலத்தில் உறுதியாக ஒட்டிக்கொள்கிறது.

ஒரு கண்ணுக்குள் பச்சையாக ஒளிரும் சாயம் பிணைத்த துணையலகையும், மற்றக் கண்ணுக்குள் சிவப்பாக ஒளிர்வதையும் செலுத்திச் சில நாள் காத்திருந்தால், பக்க ஜெனிக்குலேட் திரளில் பச்சைப் பட்டையும் சிவப்புப் பட்டையும் தனித்தனியே ஒளிரும். வளர்ந்த விலங்கில் எல்லைக்கோடு கூர்மையாக இருக்கும். பிறந்த குட்டியில் இதையே செய்தால் பெரும்பகுதி மஞ்சளாகத் தெரியும். இரு நிறங்களும் ஒரே இடத்தில் படிந்திருக்கின்றன என்று அதற்குப் பொருள். அந்த மஞ்சள் எப்படி மறைகிறது என்பது அடுத்த கேள்விக்குரியது.

திசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சில சாயங்கள் உடலிலிருந்து நுனிக்குப் போகின்றன. சில நுனியிலிருந்து உடலுக்குத் திரும்புகின்றன. புறணியின் ஒரு புள்ளியில் இரண்டையும் செலுத்தினால், அப்புள்ளிக்கு இழை அனுப்பும் தலாமஸ் நரம்பணுக்களும், அப்புள்ளியிலிருந்து இழை பெறும் தலாமஸ் பகுதியும் ஒரே சீவலில் தெரியவரும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆனால் முற்றிலும் விழுவதில்லை. அந்தச் சிறு விலகல்தான் ஆய்வாளருக்கு விருந்து.

கேள்வி: கண்ணே திறக்காத குட்டியில், எந்த இழை எந்தக் கண்ணுக்குரியது என்பதை மூளை எப்படி அறிகிறது?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியவர் ஒரு பள்ளி மாணவி என்று கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். ஆய்வாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் நேராக விரல் வைத்திருக்கிறார்.

பிறந்த முதல் இரண்டு வாரங்களில் இரு கண்களின் இழைகளும் ஒன்றையொன்று விலக்கி ஏ, ஏ1 அடுக்குகளாகப் பிரிகின்றன. மூன்றாம், நான்காம் வாரங்களில் ஒளி கூடுதலுக்கும் குறைதலுக்குமான உள்ளடுக்குகள் பிரிகின்றன. இவ்வளவும் இமை மூடியிருக்கும்போதே நடப்பதால், உலகைப் பார்த்துப் பெற்ற அனுபவம் இதற்குக் காரணமாக முடியாது. எனினும் விழித்திரை அப்போது உறங்கிக் கிடப்பதில்லை. மைஸ்டர், வாங், பேய்லர், ஷாட்ஸ் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஃபெரட்டிலிருந்தும் பூனையிலிருந்தும் எடுத்த முதிரா விழித்திரையை மின்முனை வரிசையின்மேல் பரப்பி வைத்தபோது, அண்டை நரம்பணுக்கள் ஒருசேரத் துடிப்பதும், அந்தத் துடிப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைபோல் நகர்வதும், பிறகு நீண்ட அமைதி நிலவுவதும் தெரிந்தன. ஒரு கண்ணின் அலை மற்றக் கண்ணின் அலையோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. ஆகவே ஒரே நேரத்தில் துடிக்கும் இழைகள் ஒரே கண்ணுக்குரியவை என்று தலாமஸ் நரம்பணு கணிக்கமுடியும். ஒரு கண்ணில் மட்டும் இந்தத் துடிப்பை அடக்கினால் அக்கண்ணின் இழைகள் இடத்தை இழப்பதையும், மறு கண்ணின் இழைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதையும் 1998இல் ஷாட்ஸின் குழுவினர் ஃபெரட்டில் காட்டினர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 2003இல் ஹியூபர்மனும் உடன் உழைத்தவர்களும், அலைகளை உண்டாக்குவதற்குத் தேவையான விழித்திரை நரம்பணுக்களை நச்சுப்பொருளால் அழித்து, அண்டை நரம்பணுக்கள் ஒருசேரத் துடிக்கும் ஒழுங்கைக் குலைத்த பின்னரும், இரு கண்களின் அடுக்குகள் வழக்கம்போலப் பிரிந்ததாக அறிவித்தார்கள். புறணியிலும் இதுபோன்ற ஒரு சிக்கல் எழுந்தது: பிறந்த சில நாள்களிலேயே ஃபெரட்டின் இரு கண்களையும் நீக்கிய பின்னரும், தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகள் பட்டை பட்டையாகவே அமைகின்றன என்று க்ரௌலியும் கேட்ஸும் 1999இல் எழுதினர். வேதிக் குறிப்புகள் ஓரளவு வழிகாட்டுகின்றன, துடிப்பு அதைச் சீர்செய்து நிலைநிறுத்துகிறது என்ற நடுநிலையே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. எது எவ்வளவு என்பதில் ஒத்த கருத்து இல்லை. அந்த மாணவி ஆய்வுக்கு வரும்போதும் அவருக்கு இதில் வேலை மிச்சமிருக்கும்.

கேள்வி: ஃபெரட்டைக் காதால் பார்க்கவைத்தார்கள் என்று எங்கோ படித்தேன். இது உண்மையா, மிகையா?

பதில்: காதால் அன்று, செவிக்குரிய மூளைப் பகுதியால். நான் அறிந்தவரை, இணைப்புகளைப் பற்றி ஃபெரட்டில் செய்யப்பட்ட ஆய்வுகளில் இதற்கு ஈடானது வேறில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய மிருகாங்க சூர், காரட்டி, ரோ ஆகியோருடன் 1988இல் இந்த ஆய்வை வெளியிட்டார். பிறந்த ஃபெரட் குட்டியில், செவித் தலாமஸாகிய இடை ஜெனிக்குலேட் திரளுக்கு ஒலிச் செய்தியைக் கொண்டுவரும் பாதை துண்டிக்கப்பட்டது. விழித்திரை இழைகளின் வழக்கமான இலக்குகளும் குறைக்கப்பட்டன. இடம் இழந்த விழித்திரை இழைகள், விருந்தினர் வராமல் காலியாகக் கிடந்த செவித் தலாமஸில் போய் வேரூன்றின. செவித் தலாமஸ் தன் வழக்கப்படி செவிப் புறணிக்கே இழைகளை அனுப்பியது. விளைவாக, ஒலிக்குத் துடிக்கவேண்டிய புறணி நரம்பணுக்கள் ஒளிக்குத் துடித்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். செவிக்கு வேண்டியது ஒற்றைப் பரிமாண வரைபடம்; தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஒரே வரிசை. ஆகவே செவித் தலாமஸின் ஒரு பகுதி, புறணியில் ஒரே சுருதிக்குரிய நீண்ட பட்டை முழுவதற்கும் இழைகளை விரிக்கிறது. பார்வைக்கோ மேல்கீழ், இடவலம் என இரு பரிமாணங்கள் வேண்டும். மாற்றி இணைக்கப்பட்ட விலங்குகளிலும் தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகள் பழைய பட்டை அமைப்பையே ஏறத்தாழக் காத்தன. இருந்தும், 1990இல் மின்முனையால் அளந்தபோது, புறணியில் பார்வைப் புலத்தின் இரு பரிமாண வரைபடம் உருவாகியிருந்தது. உடற்கூற்றில் இழை பரந்து கிடக்கலாம். அதன் எந்தப் பகுதி வலுப்பெறுகிறது, எது அடங்கிப்போகிறது என்பது பயன்பாட்டால் தீர்கிறது. இணைப்பைச் சாயத்தால் மட்டும் பார்த்தவர்களுக்கு இது நல்ல பாடம்.

2000ஆம் ஆண்டு இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, அந்தச் செவிப் புறணியில் கோடுகளின் சாய்வை உணரும் நரம்பணுக்கள், பார்வைப் புறணியில் போலவே ஒரு மையத்தைச் சுற்றிச் சக்கரமாக அடுக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. ஆனால் அந்த ஒழுங்கு இயல்பான பார்வைப் புறணியின் அளவுக்குச் சீரானதன்று. மற்றொன்று நடத்தையைச் சோதித்தது. ஒரு மூளைப் பாதியில் மட்டும் பாதை மாற்றப்பட்ட ஃபெரட்டுகளுக்கு, ஒலி கேட்டால் ஒரு குழாய்க்கும் ஒளி தெரிந்தால் மறு குழாய்க்கும் சென்று பரிசு பெறப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியின்போது ஒளி, இயல்பான மூளைப் பாதி காணும் பக்கத்தில் மட்டுமே காட்டப்பட்டது. பிறகு ஒரு நாள், மாற்றப்பட்ட பாதை மட்டுமே காணக்கூடிய பக்கத்தில் ஒளி காட்டப்பட்டது. செவிப் புறணி துடிப்பதால் விலங்கு அதை ஒலி என்று எடுத்துக்கொள்ளுமா? ஃபெரட்டுகள் ஒளிக்குரிய குழாய்க்கே சென்றன. அவற்றின் பார்வைக் கூர்மை இயல்பைவிடக் குறைவு. ஆனால் அது பார்வைதான்.

புறணியின் ஒரு பகுதி எதற்குரியது என்பது, பெருமளவுக்கு, தலாமஸ் அதற்கு எதை அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. முழுவதும் அதைப் பொறுத்ததென்று சொன்னால்தான் அது மிகை.

கேள்வி: தலாமஸை அஞ்சலகம் என்று எழுதினீர்கள். நான் உடலியல் கற்பிப்பவன். அஞ்சலகம் கடிதத்தைப் பிரித்துப் படித்துத் திருத்துவதில்லை. உங்கள் உவமை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. எளிமைக்காக எழுதினேன், எளிமை சற்று மிஞ்சிவிட்டது.

பூனையின் பக்க ஜெனிக்குலேட் திரளில், புறணிக்குச் செய்தி அனுப்பும் நரம்பணுக்களின்மேல் உள்ள சினாப்ஸ்களை, அதாவது பிற நரம்பணுக்கள் வந்து செய்தி சேர்க்கும் இணைப்பிடங்களை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தபோது, விழித்திரையிலிருந்து வந்தவை 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. எஞ்சியவை புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்தும், மூளைத் தண்டிலிருந்தும், அடக்கும் நரம்பணுக்களிலிருந்தும் வருபவை. கடிதம் எழுதியவரைவிட, அதைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்களே பலமடங்கு அதிகம் இருக்கும் அலுவலகம் அது. எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தும் செய்தியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது விழித்திரையே. மற்றவை அதன் அளவையும் நேரத்தையும் கூட்டிக் குறைக்கின்றன. ஷெர்மனும் கில்லரியும் முன்னதை இயக்கும் உள்ளீடு என்றும் பின்னதைத் திருத்தும் உள்ளீடு என்றும் பிரித்துக் காட்டினார்கள்.

புறணியிலிருந்து திரும்பி வரும் இழைகள் என்ன செய்கின்றன என்பதை ஹாஸ், பிரிக்ஸ் ஆகிய இருவரும் ஃபெரட்டில் சோதித்து 2017இல் வெளியிட்டனர். மாற்றியமைத்த ரேபிஸ் வைரஸைத் தலாமஸில் செலுத்தினால், அது இழை வழியே பின்னோக்கிச் சென்று, தலாமஸுக்கு இழை அனுப்பும் புறணி நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டத்தக்கவையாக மாற்றிவிடுகிறது. அவற்றைத் தூண்டியபோது தலாமஸ் நரம்பணுக்கள் விரைவாகவும் நேரத்துல்லியத்தோடும் பதிலளித்தன. அவை கவனிக்கும் பார்வைப் பரப்பும் சுருங்கிக் கூர்மையடைந்தது.

இன்னொன்றும் உண்டு. புறணியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து வரும் வலுவான இழைகள், பல்வினார் போன்ற தலாமஸ் திரள்களுக்கு இயக்கும் உள்ளீட்டையே தருகின்றன. அதாவது புறணியின் ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு பேசுவதற்கும் தலாமஸ் வழியாகச் சுற்றிவருகிறது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அச்சகத்தின் மெய்ப்புத் திருத்தகம் நெருங்கிய உவமையாகலாம். ஆனாலும் இனி உவமை இல்லாமலே எழுத முயல்கிறேன்.

கேள்வி: தூக்கத்துக்கும் தலாமஸுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு, அதன் இயக்கமுறை தெளிவானதில் ஃபெரட்டுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. மெல்லிய தூக்கத்தில் மூளை மின்வரைவில் கதிர்போல் நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்த அலைக்கற்றைகள் தோன்றும். வான் குரோசிக், பால், மெக்கார்மிக் ஆகியோர் 1993இல், ஃபெரட்டின் பக்க ஜெனிக்குலேட் திரளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் வெட்டி, சத்துநீரில் உயிரோடு வைத்துப் பதிவுசெய்தபோது, கண்ணும் இல்லாமல் புறணியும் இல்லாமல் அந்தத் துண்டு தானாகவே அதே கதிரலைகளை எழுப்பியது.

அந்தத் துண்டில் பக்க ஜெனிக்குலேட் திரளோடு, அதை ஒட்டி மெல்லிய ஓடுபோல் அமைந்த பெரிஜெனிக்குலேட் திரளும் இருந்தது. பின்னதன் நரம்பணுக்கள் அடக்குபவை. முன்னது துடித்துப் பின்னதைத் தூண்டுகிறது. பின்னது முன்னதை அடக்குகிறது. அடக்கம் விலகும்போது முன்னதில் கால்சியம் வாயில்கள் திறந்து மறுபடியும் துடிப்பு வெடிக்கிறது. நொடிக்கு 6 முதல் 10 முறை வீதம் இது நடந்து, சில நொடிகளில் ஓய்ந்து, மீண்டும் தொடங்கும். அடக்கும் ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும் பைகுகுல்லின் என்னும் மருந்தால் தடுத்தபோது, அலை நொடிக்கு 2 முதல் 4 என்று மெதுவாகி, மிகுந்த வலுவோடு வெடித்தது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில், சில நொடிகள் நினைவு தவறி வெறித்துப் பார்க்கும்போது, மின்வரைவில் தெரியும் அலையின் வேகமும் நொடிக்கு ஏறத்தாழ 3தான். இரண்டு திரள்களுக்கிடையே ஓடும் இழைகளின் உடற்கூற்றை அறியாமல் இந்த விளக்கத்தை எட்டியிருக்கவே முடியாது.

கேள்வி: மனிதனுக்கு இருப்பதுபோல் ஃபெரட்டுக்கும் முன்னெற்றிப் புறணி உண்டா?

பதில்: மடிப்பைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. நடுமுதுகுத் திரள் எனப்படும் தலாமஸ் பகுதி எங்கே இழை அனுப்புகிறதோ அதுவே முன்னெற்றிப் புறணி என்னும் அளவுகோலை ரோஸும் வூல்சியும் 1948இல் வகுத்தனர். அதே அளவுகோலைக் கொண்டு டியூக்கேயும் மெக்கார்மிக்கும் 2010இல் ஃபெரட்டின் முன்னெற்றிப் புறணியை வரையறுத்தனர். இணைப்புகளை வைத்துத்தான் ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டவேண்டும் என்பதற்கு இது கைக்கெட்டிய எடுத்துக்காட்டு. மனிதனில் இந்தத் திரளும் பல்வினாரும் மிகப் பெருத்திருக்கின்றன. ஆகவே ஃபெரட்டில் கண்டதை அளவு மாற்றாமல் மனிதனுக்கு ஏற்றிச் சொல்லக்கூடாது.

கேள்வி: எம்.ஆர்.ஐ. கருவி இருக்கும்போது, விலங்குகளைக் கொன்று சீவிப் பார்ப்பது இன்னும் தேவையா?

பதில்: கேட்கப்பட வேண்டிய கேள்வி. விலங்கைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது என்னும் மூன்று நெறிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்தனர். இந்தத் துறைக்கும் அவை பொருந்தும்.

நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் போக்கில் எளிதாகவும் குறுக்கே கடினமாகவும் பரவுவதை அளந்து, இழைக்கற்றைகளின் போக்கைக் கணிக்கும் எம்.ஆர்.ஐ. முறை ஒன்று உண்டு. புறணிப் பகுதிகளுக்கிடையிலான இணைப்புகளை அம்முறையில் கணித்து, சாயமேற்றிய சீவல்களோடு ஃபெரட்டிலேயே ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒப்புமை ஊக்கமளிப்பதாகவே இருந்தது. பெரிய கற்றைகளுக்கு இனி இந்த முறையே போதும் என்பது என் கருத்து, போதும் இடங்களில் அதையே கையாளவும் வேண்டும். ஆனால் ஓர் இழை தலாமஸிலிருந்து புறணிக்குப் போகிறதா, புறணியிலிருந்து தலாமஸுக்கு வருகிறதா என்பதை அந்தக் கருவி சொல்லாது; நீர் இரு திசையிலும் ஒன்றுபோலவே பரவுகிறது. இழை முடியும் இடத்தில் இருப்பது இயக்கும் சினாப்ஸா, திருத்தும் சினாப்ஸா என்பதும் அதில் தெரியாது. மேலே ஆசிரியர் ஒருவர் எழுப்பிய ஐயத்துக்கு விடை தந்தவை இவ்விரு விவரங்கள்தான்; அவற்றுக்கு இன்றளவும் சாயமும் சீவலும் நுண்ணோக்கியும் வேண்டியிருக்கின்றன.